அரங்கத்துத் தீர்ப்பும் ஊவாவின் கொழுந்தும்

ஒரு பொருளை ஆக்கி, அதைப் பயன்படுத்துவோர் யாவர், அவர்தம் தேவை யாது, அத்தேவைக்கு எந்த உருவமும் என்ன விலையும் எத்தகைய பெயரும் தகும் என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து, அது சந்தையிலே நிலைபெறும்வரை அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் தொழிலை இக்காலத்தார் பொருள் முகாமைத்துவம் என்று வழங்குகின்றனர். மென்பொருள் நிறுவனங்களிலே பெருவழக்குப் பெற்ற இத்தொழிலின் நுட்பங்களை, விரிவுரைகளிலிருந்தும் நூல்களிலிருந்தும் மாத்திரமன்றி, மாலைதோறும் வீடுகளில் ஒளிரும் 'ரியாலிட்டி ஷோ' எனப்படும் யதார்த்த நிகழ்ச்சிகளிலிருந்தும் கற்கலாம் என்று அண்மைக்காலத்தில் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். முதலீட்டாளர் முன் நின்று தம் முயற்சியை விளக்குவோரும், கடிகாரத்தோடு போட்டியிட்டுச் சமைப்போரும், நடுவர் முன் பாடுவோரும் படும் பாட்டில், பொருளைச் சந்தைக்குக் கொணர்வோன் படும் பாடு முழுவதும் சுருக்கமாக அடங்கியிருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். இவ்வாதத்தை முழுதும் ஏற்பதும் எளிது, முழுதும் தள்ளுவதும் எளிது. அதில் எப்பகுதி நிலைக்கும், எப்பகுதி உதிரும் என்று பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சிக்குப் பதுளை மாவட்டத்தையும் ஊவாப் பெருந்தோட்டங்களையும் களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. பசறை, ஹாலிஎல, நமுனுகுலை, அப்புத்தளை, பூனாகலை முதலிய இடங்களின் லயங்களிலே இன்று கூரைதோறும் செய்மதித் தட்டுகள் நிற்கின்றன. சென்னையில் நடைபெறும் பாட்டுப் போட்டியும் சமையற் போட்டியும், பகல் முழுதும் மலையில் கொழுந்தெடுத்த கைகள் ஓய்வு பெறும் வேளையிலே, அங்குள்ள குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து பார்ப்பனவாக உள்ளன. இது முதற்காரணம். ஒரே பொருளை நம்பி ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் வாழ்ந்து வருகின்ற பிரதேசம் இது என்பது இரண்டாவது. தேயிலையின் தரத்தையும் விலையையும் புகழையும் பற்றி இங்கு எழுந்த வினாக்கள், பொருள் முகாமைத்துவம் என்ற பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே எழுந்தவை.

லிப்டன் கண்ட வழி

கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள டம்பத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கிய வரலாற்றை அப்பகுதியில் அறியாதார் இலர். அவர் நின்று தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகடு இன்றும் அவர் பெயரால் 'லிப்டன் சீட்' என வழங்குகிறது. ஆனால் அவரைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய செய்தி அம்மலைமுகட்டில் இல்லை. அவர் 1871 ஆம் ஆண்டிலே கிளாஸ்கோவில் திறந்த முதற்கடையின் விற்பனைப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அக்காலத்தில் தேயிலை பெரும்பாலும் பெட்டிகளிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. எடையையும் தரத்தையும் வாங்குவோர் உறுதியாக அறிய வழியில்லை. பலகைக்கு அப்பால் நின்று வாங்குவோரின் இயல்பைக் கடையிலே பழகி அறிந்தவராதலால், லிப்டன் தேயிலையைச் சிறு சிறு பொதிகளாக்கி, எடையும் விலையும் பெயரும் பொறித்து, ஊருக்கு ஊர் மாறும் நீரின் இயல்புக்கேற்பக் கலவையையும் மாற்றி, தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்ற பொருள்படும் விளம்பரத்தோடு விற்றார். தோட்டத்தை வாங்கியது இடைத்தரகைக் குறைக்க உதவியது. ஆயினும் பொதியின் அளவையும் கலவையின் சுவையையும் நிர்ணயித்தது அவர் கடையிலே பெற்ற அனுபவந்தான்.

இங்கே ஒரு தத்துவம் தெளிவாகிறது. பொருளைப் பற்றிய தீர்ப்பு பயன்படுத்துவோரிடம் பிறக்கின்றது. அத்தீர்ப்பு தன் காரணத்தோடு சேர்ந்து பொருளை மாற்ற வல்லவரின் கைக்கு எவ்வளவு விரைவாக வந்து சேர்கின்றதோ, அவ்வளவு விரைவாகப் பொருள் சீர்படுகின்றது. லிப்டனிடத்தில் விற்பவரும் மாற்ற வல்லவரும் ஒருவரே. ஆகவே தீர்ப்பு பயணம் செய்ய வேண்டிய தூரம் ஒரு பலகையின் அகலமாக மாத்திரம் இருந்தது. யதார்த்த நிகழ்ச்சிகளின் பாடங்களை எடைபோடவும் இத்தத்துவமே அளவுகோலாகத் தக்கது.

முதலீட்டு அரங்கம்

பொருள் முகாமைத்துவம் பேசுவோர் முதலிலே எடுத்துக்காட்டுவது முதலீட்டாளர் அரங்கத்தையாகும். 2001 ஆம் ஆண்டிலே ஜப்பானில் பணப் புலிகள் என்ற பொருளுடைய பெயரோடு தொடங்கிய இந்நிகழ்ச்சி முறை, 2005 இல் பிரித்தானியாவில் 'டிராகன்ஸ் டென்' ஆகவும், 2009 இல் அமெரிக்காவில் 'ஷார்க் டாங்க்' ஆகவும் உருப்பெற்று, 2021 இன் இறுதியில் இந்தியாவையும் அடைந்தது. இலங்கையிலே சமூகத் தொழில்முயற்சிகளுக்கென்றே ஐ.டி.என். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'அத் பவுர' இம்மரபைச் சேர்ந்தது.

இவ்வரங்கத்தில் நிற்பவர் சில நிமிடங்களுக்குள் மூன்று வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டும்: இப்பொருள் யாருக்கு? ஒன்றை ஆக்க என்ன செலவு, என்ன விலைக்கு விற்கிறீர்? இதுவரை எத்தனை பேர் பணம் கொடுத்து வாங்கினர்? முதல் வினாவுக்கு எல்லோருக்கும் என்று விடை கூறுபவர் பெரும்பாலும் அங்கேயே தளர்ந்து போவதையும், இரண்டாம் வினாவுக்குக் கணக்குத் தெரியாமல் நிற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினும் நம்பிக்கை பெறாததையும் அடிக்கடி காண்கிறோம். பண்டாரவளையிலோ வெலிமடையிலோ பழப்பாகோ மூலிகைத் தேயிலையோ செய்து விற்க முயலும் இளைஞருக்கு இப்பயிற்சி பெரிதும் வேண்டியது. ஏனெனில் தம் உழைப்புக்கும் தம் வீட்டாரின் உழைப்புக்கும் விலையே போடாது, போத்தலின் விலையையும் சீனியின் விலையையும் மாத்திரம் கூட்டி இலாபம் கண்டதாக மகிழ்வதே சிறு முயற்சிகளை மெல்ல மெல்ல அழிக்கும் நோயாகும்.

ஆனால் இவ்வரங்கத்தின் எல்லையையும் கூறவேண்டும். திரையிலே கைகுலுக்கி முடிவாகும் உடன்பாடுகள் பல, பின்னர் கணக்கேடுகளைப் பரிசோதிக்கும் கட்டத்தில் நிறைவேறாமல் நின்றுவிடுகின்றன என்பது அந்நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து ஆராய்வோர் அறிந்த செய்தி. முதலீட்டாளரின் தீர்ப்பு, பொருளைப் பயன்படுத்துவோரின் தீர்ப்பைப் பற்றிய ஊகமேயன்றி அத்தீர்ப்பன்று. முதலீட்டாளரைக் கவரும் சாமர்த்தியத்தை மாத்திரம் பயின்றவர், வாங்குவோரைக் கவனிக்கும் பொறுமையை இழந்துவிடக் கூடும்.

சமையற் களமும் சுவைமேசையும்

பாடங்கள் மிகவும் செறிந்திருக்கும் வகை சமையற் போட்டியே. பிரித்தானியாவில் 1990 இல் தொடங்கிய 'மாஸ்டர் செஃப்' பல தேசங்களைச் சுற்றி, 2021 ஆம் ஆண்டிலே விஜய் சேதுபதி தொகுத்தளிக்கத் தமிழிலும் வந்தது. குறித்த நேரத்தில், கொடுக்கப்பட்ட பண்டங்களைக் கொண்டே செய்து முடிக்க வேண்டும் என்ற நிபந்தனை, வேண்டாதவற்றைத் துறக்கும் விவேகத்தைப் போட்டியாளரிடம் வளர்க்கிறது. நலிந்த உணவகங்களைத் திருத்தப் புகும் சமையற் கலைஞர் கோர்டன் ராம்சே, 2004 முதல் ஒளிபரப்பான தம் நிகழ்ச்சியில் அடிக்கடி செய்த சிகிச்சை, நீண்டு கிடந்த உணவுப் பட்டியலை வெட்டிச் சில பண்டங்களாகக் குறுக்கியதேயாகும். எல்லாவற்றையும் கொடுக்க முனைபவர் ஒன்றையும் உருப்படியாகக் கொடுப்பதில்லை என்பதற்கு அந்த உணவகங்களே சாட்சி.

இவற்றினும் முக்கியமானது, செய்தவர் யார் என்று அறியாமலே தீர்ப்புக் கூறும் முறை. 2010 இல் பிரித்தானியாவில் தொடங்கிய 'பேக் ஓஃப்' போட்டியின் ஒரு சுற்றில், போட்டியாளர் அனைவரும் ஒரே பண்டத்தைச் செய்து பெயரின்றி வரிசையாக வைக்க, நடுவர் சுவைத்துத் தரவரிசைப்படுத்துகின்றனர். அதே ஆண்டு நெதர்லாந்திலே தோன்றிய 'தி வொய்ஸ்' பாட்டுப் போட்டியில் நடுவர் பாடகருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, குரலை மாத்திரம் கேட்டு முடிவு செய்கின்றனர். புதுமையென உலகம் வியந்த இம்முறைக்கு நெருங்கியதொன்று, தேயிலை வணிகத்தில் தலைமுறை தலைமுறையாக நடைமுறையிலிருப்பது. 1883 ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்பு ஏலத்திற்கு வரும் தேயிலை, தரகு நிறுவனங்களின் சுவைமேசையிலே வெள்ளைக் கிண்ணங்களில் வரிசையாக வைக்கப்பட்டு, அளவான தூளும் கொதிநீரும் ஐந்தாறு நிமிட நேரமும் எல்லாக் கிண்ணத்துக்கும் ஒன்றேயாக, சாயத்தின் நிறம், வாசனை, நாவிலே ஏறும் உறைப்பு, ஊறிய இலையின் பளபளப்பு என ஒவ்வொன்றாகப் பரீட்சிக்கப்படுகின்றது. தோட்டத் துரையின் செல்வாக்கு அக்கிண்ணத்துக்குள் இறங்குவதில்லை.

அம்மேசையிலே ஊவாத் தேயிலைக்கென ஒரு ஸ்தானம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்த கச்சான் காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலத்தில், வாட்டமுறும் செடி தன் கொழுந்திலே விசேடமான நறுமணத்தைச் சேர்க்கின்றது. புதினாவை நினைவூட்டும் குளிர்ச்சியுள்ள அம்மணத்தின் பொருட்டே ஜப்பானியர் டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் முப்பெருந் தேயிலைகள் என்று போற்றுகின்றனர். ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதம் மாத்திரம் கிடைக்கும் இம்மணமே ஊவாவின் தனித்துவம். எதை விற்கிறோம் என்ற வினாவுக்கு ஊவா கூறத்தக்க சுருக்கமான விடையும் இதுவே.

வாக்கும் விருப்பமும்

பாட்டுப் போட்டிகளின் உயிர்நாடி பார்வையாளர் வாக்கு. வாக்கைச் சந்தையின் தீர்ப்பாகக் கொண்டு, மக்கள் விரும்பியது வென்றது என்று முடிவுகட்டுவோர் பலர். ஆனால் 2004 ஆம் ஆண்டு அமெரிக்கப் போட்டியான 'அமெரிக்கன் ஐடல்' நிகழ்ச்சியில் ஏழாம் இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன், 2007 இல் ஒஸ்கார் விருது பெற்றார். 2010 இன் பிரித்தானியப் போட்டியொன்றில் மூன்றாம் இடம் பெற்ற 'வன் டைரக்‌ஷன்' குழுவே பின்னர் உலகப் புகழ் எய்தியது. ஒரு மாலைப் பொழுதின் ஆர்வமும், ஆண்டுக்கணக்காகக் காசு கொடுத்து வாங்கும் விருப்பமும் வேறு வேறென்பதற்கு இவ்விரண்டுமே போதிய சான்று.

நம்மவரிடையே இவ்வேறுபாடு இன்னொரு வடிவத்தில் தோன்றுகிறது. 2023 ஆம் ஆண்டில் சீ தமிழ் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா வெற்றி பெற்றதும், அதே மேடையில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து சென்ற சிறுமியொருத்தி பாடியதும் இலங்கைத் தமிழரனைவரையும் பெருமிதங் கொள்ளச் செய்தன. நம் பிள்ளை என்ற அபிமானம் இயல்பானது, போற்றத்தக்கது. ஆயினும் மலையகத்துப் பொருளொன்றை அபிமானத்தினால் ஒருமுறை வாங்குபவர், சுவையினாலும் பயனாலும் மாத்திரமே மறுமுறை வாங்குவர். தோட்டத் தொழிலாளரின் துயரத்தைப் பொதியின் மேல் அச்சிட்டு விற்கப்படும் பண்டம் முதற்பொதியோடு நின்றுவிடுமாயின், அது இரக்கத்தை விற்றதேயன்றித் தேயிலையை விற்றதன்று. முதல் விற்பனையைக் கண்டு மயங்காமல், இரண்டாம் முறை திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதே முகாமையாளருக்குரிய கணக்காகும்.

கண்காணிப்பும் கத்தரிப்பும்

ஒரே வீட்டில் அடைபட்ட போட்டியாளரைக் கமராக்கள் இடைவிடாது கண்காணிக்கும் நிகழ்ச்சியாக 1999 இல் நெதர்லாந்திலே ஜோன் டி மோல் தொடங்கிய 'பிக் பிரதர்', 2017 இல் கமல்ஹாசன் நடத்திய 'பிக் பாஸ்' ஆகத் தமிழுக்கு வந்தது. 2019 ஆம் ஆண்டுப் பருவத்திலே இலங்கையரான லொஸ்லியாவும் தர்ஷனும் பங்குபற்றியதால் இங்கு அதன் கவர்ச்சி மிகுந்தது. மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வதற்கும் அவர் நாள்தோறும் நடந்துகொள்வதற்கும் உள்ள இடைவெளியை இவ்வகை காட்டுகிறது. என்ன வேண்டும் என்று வாங்குவோரைக் கேட்பதனால் மாத்திரம் அவருடைய தேவை விளங்காது. அவர் அப்பொருளைக் கையாளும் இடத்திலே நின்று பார்க்கவும் வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து பெறத்தக்கது.

ஆனால் அவ்வீட்டிலே இரவும் பகலும் பதிவான காட்சிகளுள் பார்வையாளருக்குக் கிட்டுவது ஒரு மணி நேரத்துக்குச் சிறிது மிகுந்ததே. எதை வைப்பது, எதைக் கத்தரிப்பது என்று தீர்மானிப்பவர், ஒருவரை வீரராகவும் மற்றொருவரை வில்லனாகவும் ஆக்க வல்லவர். நிறுவனங்களிலும் இதுவே நிகழ்கின்றது. களத்திலிருந்து மேலிடத்திற்குச் செல்லும் அறிக்கை ஒவ்வொரு படியிலும் கத்தரிக்கப்பட்டு, இறுதியிலே மேலிடத்தார் விரும்பும் கதையாக அமைந்துவிடுகின்றது. மலையிலே கங்காணி கண்டது கணக்கப்பிள்ளையிடம் ஒரு விதமாகவும், கணக்கப்பிள்ளை சொன்னது துரையிடம் வேறு விதமாகவும், துரை எழுதியது கொழும்பிலே மற்றொரு விதமாகவும் பொருள்படும் பெருந்தோட்ட அமைப்பில், இக்கத்தரிப்பின் தீமை மிக அதிகம்.

அமைப்பே பண்டமாதல்

இந்நிகழ்ச்சிகளின் அமைப்பும் தானே ஒரு வணிகப் பண்டம் என்பதைப் பலர் கருதுவதில்லை. பிரித்தானியரான சார்லி பார்சன்ஸ் உருவாக்கிய தீவுப் போட்டி, 1997 இல் சுவீடனிலே முதலில் ஒளிபரப்பாகி, அங்கு பரீட்சிக்கப்பட்ட பின்னரே 2000 ஆம் ஆண்டில் 'சர்வைவர்' என்ற பெயரோடு அமெரிக்காவை அடைந்தது. மாற்றக்கூடாத விதிகள் ஒரு கைந்நூலிலே வகுக்கப்பட, மொழியும் பாட்டும் நகைச்சுவையும் அந்தந்த நாட்டுக்கு விடப்படுகின்றன. சிறிய களத்திலே சோதித்து, குறைகளைத் திருத்தி, பின்னரே பெரிய களத்துக்குச் செல்லுதல் என்ற இந்நிதானம், திரையிலே தோன்றாவிடினும், இத்துறை கற்பிக்கும் மிகப் பெரிய ஒழுக்கங்களுள் ஒன்று.

இதற்கு நேர்மாறான உதாரணத்தை நாம் அனுபவித்தே அறிந்தோம். 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உரத்தின் இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் தடைசெய்யப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் அம்முடிவு கைவிடப்பட்டதாயினும், 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்த 2022 இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. சேதன விவசாயம் என்ற எண்ணத்தில் குற்றமில்லை. அப்புத்தளைப் பகுதியின் இதல்கஸ்ஹின்னத் தோட்டம் 1980களின் பிற்பகுதி முதல் அம்முறையிலே தேயிலை செய்து, அதற்கு விலை கொடுக்கும் வெளிநாட்டாரையும் பெற்றுள்ளது. ஒரு தோட்டம் ஆண்டுக்கணக்கில் மண்ணையும் சந்தையையும் பதப்படுத்தி எய்தியதை, ஒரு தேசம் ஒரு பருவத்தில் எய்த முனைந்ததே பிழையாயிற்று.

தீர்ப்பு நின்றுவிடும் இடம்

இதுகாறும் கண்ட வகைகளையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, அவற்றின் வெற்றிக்குப் பொதுவான காரணமொன்று புலனாகிறது. விளக்குகளும் கண்ணீரும் இசையும் மேற்பூச்சே. பாடிய சிறுமி அந்தக் கணமே, இரண்டாம் சரணத்தில் சுருதி விலகிற்று என்று நடுவர் வாயிலிருந்து கேட்கிறாள். சமைத்தவர் அந்தக் கணமே, புளி மிகுந்தது, மாவு வேகவில்லை என்று அறிகிறார். தீர்ப்பு, காரணத்தோடு, செய்த கைக்கு, மறுமுறை செய்வதற்கு முன் வந்து சேருகின்றது. வாரந்தோறும் போட்டியாளர் வளர்வதற்கு இதுவே ஹேது.

இவ்வளவுகோலை ஊவாவின் தேயிலைக்கு வைத்துப் பார்ப்போம். சுவைமேசையின் தீர்ப்பு அங்கேயே மடிவதில்லை. தரகர் அறிக்கை தோட்டத்துக்கு வருகின்றது. துரை படிக்கிறார். டீமேக்கர் படித்து, வாட்டிய நேரம் போதவில்லையா, அரைத்த இலை புளித்த நேரம் மிகுந்ததா, சூட்டடுப்பின் வெப்பம் ஏறிற்றா என்று ஆராய்ந்து திருத்துகிறார். ஆனால் தொழிற்சாலை வாயிலுக்கு இப்பால் அத்தீர்ப்பு இறங்குவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதா, முற்றிய இலையையும் சேர்த்துக் கூடையை நிரப்புவதா என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிக்கும் பெண்ணுக்கு, அவள் சென்ற கிழமை எடுத்த கொழுந்து கொழும்பிலே என்ன பெயர் பெற்றது என்று சொல்வார் எவருமில்லை. அவளுக்கு வரும் தீர்ப்பு ஒன்றே: தராசிலே கண்ட கிலோ. அளவு நிறைந்தால் முழுப் பேர், அதாவது முழுநாட் கூலி. குறைந்தால் அரைப் பேர். முற்றிய இலையை எறியச் சொல்லிக் கங்காணி அதட்டுவதுண்டு. ஆயினும் அதட்டல் காரணத்தைக் கற்பிப்பதில்லை. தோட்டத்திலே வழங்கப்படும் தூளில் அவள் ஊற்றிக் குடிக்கும் சாயம், அவள் கொழுந்தின் மிகச் சிறந்த உருவமும் அன்று.

இதன் மிகக் கூரிய விளைவு கச்சான் காலத்திலே வெளிப்படுகின்றது. ஊவாவின் மணம் உச்சமடையும் அம்மாதங்களில் வரட்சியால் கொழுந்து குறைகின்றது; உலகம் அதிக விலை கொடுக்கும் பண்டத்தைப் பறிக்கும் நாளிலே பறிப்பவளின் கூடை மிகவும் இலேசாகின்றது. சில தோட்டங்களில் அக்காலத்துக்கெனக் கிலோ அளவைக் குறைப்பதுண்டு. ஆனால் அது இளைத்த காலத்துக்குக் காட்டும் சலுகையாகக் கருதப்படுகிறதேயன்றி, சிறந்த பொருளுக்குரிய மதிப்பாகக் கருதப்படுவதில்லை. எதை அளக்கிறோமோ அதுவே விளையும் என்பது முகாமைத்துவத்தின் பாலபாடம். மணத்தை விற்று நிறையை அளப்பது அப்பாலபாடத்துக்கு மாறானது.

மறுப்புகள்

இவ்வாராய்ச்சிக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளுள் இரண்டு கவனிக்கத்தக்கவை. மனிதரை மேடையிலே நிறுத்தி, பலர் காணக் குறைகூறி, வாரம் ஒருவரை வெளியேற்றும் கொடுமையைத் தொழிலாளரிடையே புகுத்த வேண்டுமா என்பது ஒன்று. இம்மறுப்பு நியாயமானது. வெளியேற்ற வேண்டியது பொருளின் குறையை, மனிதரை அல்ல. போட்டியரங்கம் பார்வையாளரின் கிளர்ச்சிக்காக மனிதரை வெளியேற்றுகிறது. அந்த அம்சத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவது, ஏற்கெனவே பல தலைமுறை அவமதிப்பைச் சுமந்த மக்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். காரணத்தோடு கூடிய தீர்ப்பை மரியாதையோடு அறிவித்தல் என்ற ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஏனையவற்றை அரங்கத்திலேயே விட்டுவிடுதல் தகும்.

வயிற்றுக்குப் போதிய சம்பளமே இல்லாதவரிடம் சுவையைப் பற்றியும் முகாமைத்துவத்தைப் பற்றியும் பேசுவது பரிகாசமாகாதா என்பது மற்றொன்று. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்படுவதற்குள் நடந்த போராட்டங்களை அறிந்தவர் எவரும் இம்மறுப்பை அலட்சியம் செய்யார். சம்பளம் முதலாவது என்பதில் ஐயமில்லை. ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தையிலே தொழிலாளர் பக்கம் எப்போதும் குறைவாக இருப்பது பொருளைப் பற்றிய அறிவே. தான் எடுத்த கொழுந்து எந்த மலையினது, எந்தத் தரமாயிற்று, என்ன விலை போயிற்று என்று அறிந்தவரின் கோரிக்கை, வாழ்க்கைச் செலவை மாத்திரம் சொல்லும் கோரிக்கையினும் உறுதியான அடித்தளத்திலே நிற்கும். தீர்ப்பைத் தொழிலாளருக்கு அறிவிப்பது சம்பளத்துக்கு மாற்றன்று, சம்பளத்துக்கு வலு.

செயலுக்குரியவை

இவை வெறும் கனவுகளல்ல என்பதற்கு ஊவாவிலேயே சான்றுண்டு. எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் அணித்தான அம்பதண்டேகமவில் உள்ள அம்பா என்னும் சிறு தோட்டம், கையால் உருட்டிய தேயிலையைச் சிறு அளவில் செய்து உயர்ந்த விலைக்கு விற்பதோடு, வருமானத்தில் 10 வீதத்தைத் தன் பணியாளரோடு பகிர்ந்துகொள்கின்றது. அங்கே தேயிலை செய்பவர் தம் கையால் செய்த தேயிலையை வருகின்ற விருந்தினர் முன் ஊற்றிவைத்து, அவர் முகத்திலேயே தீர்ப்பைப் படிக்க முடிகின்றது. லிப்டனின் கடைப்பலகை போல, தீர்ப்புக்கும் கைக்கும் இடையிலுள்ள தூரம் அங்கு மிகச் சிறிது. ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட தோட்டம் அம்பாவாக மாற முடியாது என்பது உண்மையே. ஆனால் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாத தோட்டம் எதுவுமில்லை.

அதற்கு வேண்டியவை பெரும் முதலீடுகளல்ல. தரகர் அறிக்கையின் சாரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கிழமைக்கொருமுறை, காலையில் வேலை பிரிக்கப்படும் பெரட்டுக் களத்திலே வாசித்து விளக்கலாம். எந்த மலையின் கொழுந்து எவ்வாறு மதிக்கப்பட்டது என்று பெயர் சொல்லிப் பாராட்டலாம். கச்சான் காலத்திலே ஒரு தோட்டத்தின் ஒரு மலையில் மாத்திரம், கிலோவோடு கொழுந்தின் தரத்தையும் அளந்து கூலி கொடுக்கும் முறையைப் பரீட்சித்து, விளைவு நன்றாயின் விரிக்கலாம். 2005 முதல் பதுளையிலே இயங்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம், தேயிலைத் தொழில்நுட்பத்தையும் பெறுமதி சேர்த்தலையும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. அதன் மாணவர் தம் சுவைமேசையை ஆண்டிற் சில நாள்களேனும் தோட்டங்களுக்கு எடுத்துச் சென்று, கொழுந்தெடுப்போரும் சிறு தோட்ட உடைமையாளரும் தம் இலையின் கிண்ணத்தையும் முற்றிய இலையின் கிண்ணத்தையும் அருகருகே வைத்துச் சுவைக்கச் செய்வார்களாயின், பல்லாண்டு அதட்டல் கற்பிக்காததை அந்த ஒரு காலைப்பொழுது கற்பிக்கும். அந்தச் சுவையறிவு பெற்ற தோட்டத்துப் பிள்ளைகளுள் சிலர் நாளை தம் சொந்தப் பொதியோடு முதலீட்டாளர் முன் நிற்பதற்கும் அதுவே முதற்படியாகும்.

முடிவாகக் கூறுமிடத்து, யதார்த்த நிகழ்ச்சிகளிலிருந்து பொருள் முகாமைத்துவம் கற்கலாம் என்ற வாதத்தின் ஒரு பகுதி நிலைக்கின்றது. கணக்கறிந்து பேசுதல், வேண்டாததை வெட்டுதல், பெயரறியாமல் சுவைத்தல், சிறிதாகச் சோதித்தல் ஆகியவை பயன்தரும் பாடங்கள். வாக்கைச் சந்தையாக மயங்குதலும், கத்தரித்த கதையை உண்மையாகக் கொள்ளுதலும், மனிதரை வெளியேற்றி மகிழ்தலும் விலக்கத்தக்கவை. எல்லாவற்றுக்கும் மேலான பாடம், தீர்ப்பும் அதன் காரணமும் செய்தவரிடம் சேரவேண்டும் என்பதே. பாட்டுப் பாடும் சிறுமிக்கு நாம் இயல்பாகவே வழங்கும் அந்த உரிமையை, உலகம் விரும்பிக் குடிக்கும் தேயிலையின் முதல் தீர்மானத்தைத் தன் விரல் நுனியிலே செய்யும் பெண்ணுக்கு மறுத்து வந்திருக்கிறோம். ஊவாவின் தேயிலை மேலும் உயர வேண்டுமாயின், அதன் முகாமைத்துவம் அவளையும் ஆக்கியோருள் ஒருத்தியாக ஏற்று, அவளுக்குரிய விடையை அவளிடம் சொல்வதிலிருந்து தொடங்க வேண்டும்.